மனுவில் ‘மன உளைச்சல்’: எழுதப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தன்று உதவிக்கு வரும் பிள்ளைகள், நான் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே வரி மாறாமல் செய்வதைக் காணும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஒற்றுப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அவற்றை யாரும் திருத்திவிடலாம்.

உளைச்சலை அழுத்தமாக்குவது

உளைதல் என்றால் நோவெடுத்தல். நாளெல்லாம் நாற்று நட்டவர் இரவில் ‘கால் உளைச்சல்’ என்கிறார். சீதபேதிக்கு ‘வயிற்றுளைச்சல்’ என்றே பெயர். விட்டுவிட்டுக் குடையும் அந்த நோவை மனத்துக்கு ஏற்றிச் சொல்வதே மன உளைச்சல். பிறர் செயலால் நேர்ந்த வேதனை என்னும் பொருளில் அது பழகிவிட்டதால்தான், நுகர்வோர் வழக்குகளில் ‘சேவைக் குறைபாட்டால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு இழப்பீடு’ என்னும் தொடர் நிலைபெற்றது. மன அழுத்தமோ வேலைப்பளுவால் வரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும், டிப்ரஷன் என்னும் நோய்க்கும் ஒருசேர வழங்குகிறது. (நெஞ்சழுத்தம் என்றால் பொருளே வேறு, அது உளையாத மனம்.)

குடியாத்தத்து அம்மா ஒருவர், வாங்கிய மூன்றாம் மாதமே நின்றுபோன பிரிட்ஜுக்காகக் கடைக்கு ஏழு முறை அலைந்தவர், “மனசு உளையுது சார், ராத்திரியில தூக்கமே இல்ல” என்றார். அவர் வாயிலிருந்தே வந்த சொல்லை விட்டுவிட்டு, படித்தவன் எழுதியதாகத் தெரியட்டும் என்று நுகர்வோர் வழக்கு மனுவில் ‘கடும் மன அழுத்த நோய்க்கு ஆளாகி’ என்று எழுதினேன். எதிர்த்தரப்பு மருத்துவச் சான்று கேட்டது. பிரிட்ஜின் விலை திரும்பக் கிடைத்தது. நோய் நிரூபிக்கப்படவில்லை என்பதால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. “நான் எப்ப சார் டாக்டராண்ட போனேன்?” என்று அவர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. சென்ற வாரம் ஒரு பையன் அதே தொடரை எழுதி நீட்டியபோது, தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன்.

உலைச்சல் என்று எழுதுவது

உலை சோற்றுக்கு.

பதட்டம்

பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்.

உளைச்சலை முதல் வரியில் வைப்பது

எந்தத் தேதியில், எத்தனை முறை அலைந்தீர்கள், யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பவை முன்னே வர வேண்டும். உளைச்சல் அவற்றின் பின்னே ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

‘சொல்லொணா’ மன உளைச்சல்

சொல்லொணா என்று எழுதிவிட்டு அதையே மூன்று பக்கம் சொல்லாதீர்கள்.