தனியாகக் கயாக் இறக்குவது எப்படி: முதல் தடவை போகிறவர்களுக்கு

துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு சின்னப் படகைத் தண்ணீரில் இறக்கி, இரண்டு மணி நேரம் ஆசை தீரச் சுற்றிவிட்டு, தானே கரையேறி வீட்டுக்கு வர முடியுமா? முடியும். அதற்குப் பொருத்தமான படகு கயாக். மோட்டார் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், தூக்கிவிட நாலு பேர் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறவர் துடுப்புப் போடக் கற்பதற்கு முன்னால், கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்து தானாகவே படகில் திரும்ப ஏறக் கற்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம்.

சென்னையை ஒட்டிய முட்டுக்காடு, கோவளம் பக்கத்து உப்பங்கழியை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏரியில் இறக்குகிறவர்களுக்கும் கேரளக் காயலில் இறக்குகிறவர்களுக்கும் முறை பெரும்பாலும் இதுதான். நீச்சல் தெரியாதவர்கள் மட்டும் தனியாக இறங்க வேண்டாம், லைஃப் ஜாக்கெட் இருந்தாலும் வேண்டாம். கற்றுக்கொண்டு வாருங்கள், தண்ணீர் எங்கேயும் போய்விடாது.

எந்தக் கயாக்?

கயாக்கில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் குழிக்குள் காலை நீட்டி உட்கார வேண்டும். இன்னொன்று ‘சிட்-ஆன்-டாப்’, மூடிய கூட்டின் மேலேயே உட்காருவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அதுவும் தனியாகப் போகிறவருக்கு, இரண்டாவதுதான் சரி. முதல் வகை கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், நடுத்தண்ணீரில் அதை இறைத்துவிட்டு ஏறுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிட்-ஆன்-டாப்பில் நிரம்புவதற்குத் திறந்த குழியே இல்லை. மேலே ஏறும் தண்ணீர் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். நம் கட்டுமரத்திலும் இதே சூட்சுமம்தான். கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் வரும், போகும், மரம் மூழ்காது.

3 மீட்டர் நீளம், 75 முதல் 80 சென்டிமீட்டர் அகலம் உள்ளதாகப் பாருங்கள். எடை 20 முதல் 25 கிலோ வரை இருக்கும், ஒருவர் சமாளிக்கக்கூடியதுதான். வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவிலேயே கயாக் விடுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே போகும் அந்த அமைதியான வாய்க்கால்கள் முதல் அனுபவத்துக்கு அருமையான இடம்.

படகோடு சேர்த்து வாங்க வேண்டியவை: 220 முதல் 240 சென்டிமீட்டர் நீளத் துடுப்பு, உடம்போடு இறுக்கமாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், போனுக்குத் தண்ணீர் புகாத உறை, துடுப்பைப் படகோடு இணைக்க ஒன்றரை மீட்டர் கயிறு. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வாரையெல்லாம் இறுக்கிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

எங்கே, எப்போது?

முதல் சில மாதங்களுக்குக் கடல் வேண்டாம். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் படகை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது தனி வித்தை. அது போக, நம் கிழக்குக் கரையில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் தண்ணீர் வழவழவென்று அழகாக இருக்கும், உள்ளே போவதும் சுலபமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் அது எதிர்காற்று என்று தெரியும்.

உப்பங்கழியிலும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியே இருங்கள். வறண்ட மாதங்களில் மணல் மூடிக் கிடக்கும் வாய், மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டு திறந்தால் தண்ணீர் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். பாலத்துக்கு அடியில் அந்த இழுப்பு இன்னும் கடுமையாக இருக்கும். தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கையைக் கிழித்துவிடும், படகையும் கீறிவிடும். மோட்டார் படகுகள் ஓடும் பகுதியையும் ஒதுக்குங்கள். பிச்சாவரம், பழவேற்காடு மாதிரி வனத்துறை பொறுப்பில் இருக்கும் இடங்களில் முதலில் அனுமதி கேளுங்கள்.

நேரம் விடியற்காலை. 6 மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் கரைக்கு வந்துவிட்டால் வெயிலும் மிச்சம், காற்றும் மிச்சம். சென்னையில் கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும். புதிதாகத் துடுப்புப் போடுகிறவரின் வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான், அதற்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முந்தின இரவே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேண்டாம். தண்ணீரின் மேல் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினாலும் வேண்டாம். இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

காரில் தனியாக ஏற்றுவது

இருபத்தைந்து கிலோவையும் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கத் தேவையில்லை. காரின் பின்பக்கக் கண்ணாடிமேல், கூரை விளிம்பு வரை, பழைய ரப்பர் மிதியடி ஒன்றை விரியுங்கள். படகைக் காருக்குப் பின்னால் நேராகக் கிடத்தி, முன்முனையை மட்டும் தூக்கி அந்த மிதியடிமேல் சாய்த்து வையுங்கள். இப்போது பாதி எடை காரின் மேல். பிறகு பின்முனைக்குப் போய் அதைத் தூக்கி, முன்னோக்கித் தள்ளுங்கள், கூரைக் கேரியர்மேல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். இரண்டு இடத்தில் பட்டை போட்டுக் கட்டுங்கள். பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்சட் பட்டையை அளவு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் உடம்பு நசுங்கும், கையால் இழுத்துக் கட்டும் பட்டையே போதும். முன்முனையையும் பின்முனையையும் தனித்தனிக் கயிற்றால் காரோடு கட்டாமல் ஈசிஆரில் ஏறாதீர்கள்.

கரையில் ஐந்து நிமிடம்

சிட்-ஆன்-டாப்பின் ஒரு முனையில் திருகு மூடி ஒன்று இருக்கும். கூட்டுக்குள் சேரும் தண்ணீரை வடிக்க வைத்தது அது. மூடியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். திறந்திருந்தால் படகு மெல்ல மெல்ல உள்ளே தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். உட்காரும் இடத்தில் இருக்கும் ஓட்டைகள் வேறு. அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் மேலே வருவது இயல்பு. பயந்துபோய் அதை அடைத்தால் வந்த தண்ணீர் வெளியே போகாது.

அடுத்து வீட்டில் இருப்பவர் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள், கூப்பிடாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாலு வரி. அவசர உதவிக்கு 112, கடலோரக் காவல் படைக்கு 1554. போனைப் படகில் கட்டாதீர்கள், உங்கள் உடம்போடு இருக்கட்டும். நீங்களும் படகும் பிரிந்துவிட்டால் போன் யார் பக்கம் இருக்க வேண்டும் என்று யோசித்தால் போதும்.

கரையில் மீனவர் யாராவது இருந்தால் பேசாமல் இறங்காதீர்கள். “அண்ணே, இந்தப் பக்கம் வலை கிடக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வலை எங்கே, சேறு எங்கே, இன்றைக்கு இழுப்பு எப்படி என்று எந்த ஆப்பும் சொல்லாததை அவர் சொல்வார். அது அவருடைய பிழைப்பிடம், நாம் பொழுதுபோக்க வருகிறோம். மிதவைகளைச் சுற்றித்தான் போக வேண்டும், நடுவே புகுந்து போகக் கூடாது.

இறக்குவது

வார் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், தரையை உரசி உரசி நடங்கள். அடியில் திருக்கை படுத்திருந்தால் உரசல் உணர்ந்து விலகிவிடும், மிதித்தால்தான் வாலால் குத்தும்.

முழங்கால் அளவுத் தண்ணீர் வரும் வரை படகை இழுத்துப் போங்கள். துடுப்பைக் கயிற்றில் கட்டி மேலே வையுங்கள். படகின் பக்கவாட்டில், இருக்கையை ஒட்டி நின்று, முதுகைப் படகுக்குக் காட்டி, இருக்கையில் பக்கவாட்டாக உட்காருங்கள். கால் இரண்டும் இன்னும் தண்ணீரிலேயே இருக்கும். படகு ஆடும், ஆடி நிற்கட்டும். பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து முன்பக்கம் திரும்புங்கள். முதலில் ஒரு காலை உள்ளே வைத்து நின்றுகொண்டு ஏறப் பார்க்கிறவர்கள்தான் விழுகிறார்கள்.

கவிழ்ந்து, திரும்ப ஏறுவது

முதல் நாள் முழுக்க இதற்கே. அன்றைக்கு மட்டும் கரையில் ஒரு நண்பர் நிற்கட்டும். நெஞ்சளவுத் தண்ணீர், சேறு இல்லாத அடித்தரை, காற்று இல்லாத காலை. வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து விழுங்கள்.

விழுந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் படகைப் பிடிப்பது. ஆள் இல்லாத கயாக் லேசான காற்றிலேயே நீந்துகிறவரை விட வேகமாக ஓடிவிடும். துடுப்பு கயிற்றில் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படகு தலைகீழாகக் கிடந்தால் நடுப்பகுதிக்கு வாருங்கள். அடிப்பக்கத்தின் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பையோ அங்கிருக்கும் பட்டையையோ பிடித்து, முழங்காலை உங்கள் பக்கத்து விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். உங்கள் எடையே அதைப் புரட்டிவிடும்.

இப்போது இருக்கைக்கு நேராக வந்து, ஒரு கையால் இந்தப் பக்க விளிம்பையும் மறு கையால் எதிர்ப்பக்க விளிம்பையும் பிடியுங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கால் செங்குத்தாகக் கீழே தொங்கும்போதே கை பலத்தால் ஏறப் பார்ப்பார்கள், படகு அவர்கள் மேலேயே கவிழும். முதலில் கால்களைப் பின்னால் நீட்டி, உடம்பு தண்ணீர் மட்டத்தில் மிதக்கும் வரை நீச்சலில் உதைப்பது போல உதையுங்கள். உடம்பு மட்டமாக வந்ததும், பலமாக ஓர் உதை உதைத்து அதே வேகத்தில் படகை உங்கள் வயிற்றுக்கு அடியில் இழுங்கள். நீங்கள் படகின்மேல் ஏறுவதாக நினைக்காதீர்கள், படகை உங்களுக்குக் கீழே கொண்டுவருவதாக நினையுங்கள். வயிறு இருக்கையின் குறுக்கே வந்துவிட்டால் அவசரமே இல்லை, அப்படியே கிடந்து மூச்சு வாங்குங்கள். பிறகு மல்லாந்து புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, பின்புறம், கால், இந்த வரிசைதான்.

இரண்டு பக்கமும் பழகுங்கள். கை ஓய்ந்துபோன பிறகும் ஒரு தடவை ஏற முடிகிறதா என்று பாருங்கள், உண்மையில் கவிழும்போது நீங்கள் களைத்துப்போய்த்தான் இருப்பீர்கள். துணையில்லாமல் ஏறுவது இயல்பாக வரும் வரை தனியாகப் போவதைத் தள்ளிப்போடுங்கள். இது வந்துவிட்டால் மனதில் இருக்கும் பயம் பாதிக்கு மேல் கழன்றுவிடும். பயம் கழன்றவர்தான் படகில் தளர்வாக உட்காருவார், தளர்வாக உட்கார்ந்தவர் அவ்வளவாகக் கவிழ்வதும் இல்லை.

துடுப்புப் போடுவது

துடுப்பைத் தலைமேல் வைத்து, முழங்கை செங்கோணத்தில் மடங்கும்படி பிடித்தால் அதுதான் கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம். தட்டின் உட்குழிந்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். பாதத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் செருகி, இடுப்பு வரை இழுத்து, வெளியே எடுங்கள். கையால் மட்டும் இழுத்தால் சீக்கிரமே தோள் வலிக்கும், இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி இழுங்கள். படகு ஒரு பக்கமாக வளைந்தால் அதன் மூக்கைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ பார்த்துப் போங்கள். திரும்புவதற்கு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் அகலமாக அரைவட்டம் போட்டு இழுத்தால் போதும். மற்றதெல்லாம் போகப் போக வரும்.

போகும்போது எப்போதும் எதிர்காற்றில் போங்கள். களைப்போடு திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். காற்றே இல்லாத காலையில், எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்று அன்றைய முன்னறிவிப்பு சொல்கிறதோ அந்தப் பக்கமாகத் தொடங்குங்கள். இறங்கின நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து வைத்து, திட்டமிட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் திரும்பிவிடுங்கள். உடம்பில் இன்னும் தெம்பு இருந்தாலும் திரும்புங்கள். குடிதண்ணீர் 2 லிட்டராவது வேண்டும்.

அனுபவிப்பது

புதிதாக வருகிறவர்கள் தூரக் கணக்கிலேயே பொழுதைப் போக்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது துடுப்பை மடிமேல் வைத்துவிட்டுச் சும்மா மிதப்பது. சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் உப்பங்கழி உங்களை மறந்துவிடும். மடவை மீன் ஒன்று திடீரென்று தண்ணீரை விட்டு எகிறி, வெள்ளியாக மின்னி, ‘பொத்’தென்று விழும். அதே இடத்தில் இன்னொன்று. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலையைக் குனிந்து குறிபார்த்து, கல் விழுவது போல இறங்கும். தண்ணீரின் மட்டத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதற்கும் பாலத்தில் நின்று பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பறவைக் கூட்டத்தை நோக்கி மட்டும் படகை விடாதீர்கள். தலையைத் தூக்கி எல்லாம் ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தாலே நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகள் நெடுந்தூரம் பறந்து வந்து இங்கேதான் இரை தேடுகின்றன. நம் படத்துக்காக அவற்றை எழுப்பிப் பறக்கவிடுவது அநியாயம்.

கரைக்கு வந்தபின்

முழங்கால் அளவில் நிறுத்தி, ஏறின முறையையே தலைகீழாகச் செய்து இறங்குங்கள். காலை வெளியே போட்டு, பக்கவாட்டாக உட்கார்ந்து, எழுந்து நில்லுங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு “கரையேறிட்டேன்” என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். இதை மறந்தால் அங்கே ஒருவர் 1554-க்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் நல்ல தண்ணீரால் படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் அலசுங்கள். உப்பு தங்கினால் முதலில் போவது பட்டையின் கொக்கிகள்தான். அந்தத் திருகு மூடியைக் கழற்றிவிட்டு, படகை நிழலில் கவிழ்த்து வையுங்கள். கழற்றிய மூடியைத் துடுப்புக் கயிற்றிலேயே கட்டிவிடுங்கள், அடுத்த தடவை துடுப்பை எடுக்கும்போது அதுவும் கூடவே வரும்.