கறுப்பின மக்களின் வாக்குரிமை: நாம் தவறாகச் சொல்லும் கதை

1865இல் அடிமைமுறை ஒழிந்தது, 1965இல் வாக்குரிமை வந்தது, 2008இல் ஒபாமா ஜெயித்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அரசியலை இப்படி மூன்றே படியில் சொல்லி முடிப்பது நம்மிடம் இருக்கும் பெரிய தவறு. அவர்கள் கையில் கிடைத்த உரிமையை மற்றவர்கள் திரும்பப் பிடுங்கிக்கொண்ட கதை இதில் வருவதே இல்லை.

அடிமைமுறை போனதும் குடியுரிமை தானாக வந்துவிட்டது என்றும் எழுதுகிறார்கள். 1870 பிப்ரவரியில், தென் மாநிலமான மிசிசிப்பியின் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் பதவியேற்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு வந்தார். வட கரோலினாவில் அடிமையாக அல்லாமல் சுதந்திரமாகவே பிறந்தவர். ஆனாலும் எதிர்த்தவர்கள் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். செனட்டர் ஆக 9 ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்களுக்குக் குடியுரிமை தந்த 14ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்ததோ 1868இல். அப்படியானால் இவர் குடிமகனாகி எத்தனை வருடம் ஆகிறது? பிறந்த மண்ணில் நிற்கும் 42 வயது மனிதரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கடைசியில் 48க்கு 8 என்ற வாக்கில் அவர் உள்ளே போனார்.

'கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் போட்டார்கள்' என்பதும் சரியல்ல. இனத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் 1870இலேயே வந்துவிட்டதால் அப்படி எழுத முடியாது, எழுதாமலே செய்தார்கள். மிசிசிப்பியின் 1890 அரசமைப்பு, ஓட்டுப் போட வேண்டுமானால் கட்ட வேண்டும் என்று 2 டாலர் தலைவரி போட்டது. வாக்காளராகப் பதிய வருபவரை அரசமைப்பின் ஒரு பிரிவை விளக்கச் சொன்னது. விளக்கம் சரியா என்று முடிவுசெய்தவர் வெள்ளை அதிகாரி. லூசியானாவில் 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904இல் வெறும் 1,342 பேர். 1901இலிருந்து 28 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை.

அப்புறம், 1965 வாக்குரிமைச் சட்டத்தை மார்ட்டின் லூதர் கிங்கும் அதிபர் ஜான்சனும் மட்டும் கொண்டுவந்ததாகச் சொல்லாதீர்கள். 1962 ஆகஸ்டில் மிசிசிப்பியில் 18 பேர் வாக்காளராகப் பதிய பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் போனார்கள். அதில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், பருத்தித் தோட்டத் தொழிலாளி. பதிவுக்கு வைத்த அந்த விளக்கத் தேர்வில் அவரைத் தேறவிடவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் மறித்து, பஸ்ஸின் மஞ்சள் நிறம் அதிகம் என்று அபராதம் போட்டது. பதிவு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார் தோட்ட முதலாளி. 18 வருடம் உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார். 1963 ஜனவரியில் ஒருவழியாகத் தேறினார். சரி, ஓட்டுப் போடலாம் என்று போனால், தலைவரி கட்டிய இரண்டு ரசீது எங்கே என்று கேட்டார்கள்.