கோழியின் தசைக் கொழுப்பு: புரொய்லரையும் ஊர்க்கோழியையும் ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரொய்லர் என்றால் கொழுப்பு, ஊர்க்கோழி என்றால் கொழுப்பற்ற இறைச்சி என்பது கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோழி வாங்குவோரிடையே ஏறத்தாழ முடிந்த முடிவாகிவிட்டது. வயிற்றறையில் திரள்வதையும் தோலுக்கடியில் படிவதையும் மட்டும் பார்த்தால் இது பெரும்பாலும் சரியே. ஆனால் தசைநார்களுக்கிடையே படியும் கொழுப்பு வேறு கணக்கைச் சேர்ந்தது. கத்தியால் அரிந்தெடுக்க முடியாத அதன் அளவை வயிற்றுக் கொழுப்பைக் கண்டு ஊகிப்பது முதல் தவறு.

இதைவிடப் பெரிய தவறு, வயதையும் எடையையும் குழப்புவது. பறவைகளில் கொழுப்பின் பெரும்பகுதி ஈரலில் உருவாகி, இரத்தத்தின் வழியே இழையங்களைச் சென்றடைகிறது. தசைநார்களின் எண்ணிக்கை குஞ்சு பொரிக்கும் காலத்திலேயே ஏறக்குறைய நிலைபெற்றுவிடுவதால், அதன்பின் அவை பருக்கவே செய்கின்றன. அவற்றிடையே உள்ள கொழுப்புக் கலங்களோ வயது ஏற ஏற, குறிப்பாகப் பேட்டுக்கோழி முட்டையிடும் பருவத்தை நெருங்கும்போது, நிரம்புகின்றன. ஐந்தாறு வாரங்களில் 2 கிலோவை எட்டும் புரொய்லரை அதே வயதுள்ள ஊர்க்கோழிக் குஞ்சோடு ஒப்பிட்டால் ஒரு விடையும், பல மாதங்கள் வளர்ந்து ஓரளவு எடை கூடிய ஊர்க்கோழியோடு ஒப்பிட்டால் இன்னொரு விடையும் கிடைக்கக்கூடும். வயதும் எடையும் சேவலா பேடா என்பதும் குறிப்பிடாத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை. தோல் நீக்கிய நெஞ்சிறைச்சியைவிடத் தொடையிறைச்சியில் கொழுப்பு அதிகம் என்பதால், ஒன்றின் நெஞ்சை மற்றதன் தொடையோடு ஒப்பிடுவதும் வீண்.

இனி எதிர்த்திசைத் தவறு: மெதுவாக வளரும் இனங்கள் அனைத்திலும் தசைக் கொழுப்பு மிகுதி என்பது. சீனாவின் பெய்ஜிங்-யூ இனம் அதற்குப் பெயர்பெற்றதுதான். ஆனால் குறைந்தது 81 நாட்கள் வளர்க்கப்படும் பிரான்சின் 'லேபல் ரூஜ்' என்ற தரமுத்திரை பெற்ற கோழிகள் பொதுவாகக் கொழுப்புக் குறைந்தவை. மரபோடு தீவனமும் நடமாட்டமும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன.

புரொய்லர் நெஞ்சிறைச்சியில் நார்களின் போக்கிலேயே ஓடும் வெள்ளைக் கோடுகளை நல்ல கொழுப்புப் படிவு என்று கருதுவோர் உண்டு. விரைவாகப் பருத்த தசையில் நார்கள் சிதைந்து, அவ்விடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் நிரப்புவதால் தோன்றும் கோளாறு இது. அத்தகைய இறைச்சியில் கொழுப்பு கூடிப் புரதம் குறைகிறது. மசாலாவில் ஊறவைத்தாலும் சாறு நன்றாகப் பிடிப்பதில்லை. அதை உண்பதால் தீங்கில்லை என்றாலும், கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தக்கதன்று.

தோலின் மஞ்சள் நிறத்தைக் கொழுப்பின் அளவாகக் கொள்ளக்கூடாது; அந்நிறம் பெரும்பாலும் சோளம், கீரை போன்ற தீனிகளிலுள்ள நிறமிகளால் வருவது. ஊர்க்கோழியின் கடினத்தன்மைக்கும் கொழுப்புக் குறைவே காரணம் என்பது சரியன்று: வயது கூடும்போது இணைப்பிழையத்திலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் பிணைப்புகள் இறுகிவிடுகின்றன. எண்ணெயைக் கூட்டுவதால் அவை தளர்வதில்லை. மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் வேகவைக்க வேண்டும்.