பெரிய சமச்சீர் அணியின் சிறிய ஐகன் மதிப்புகள்: ஒன்றும் விடுபடாமல் கணக்கிட

ஓர் அணியால் பெருக்கும்போது தன் மடங்காகவே மாறும் வெக்டர் ஐகன் வெக்டர்; அந்த மடங்கு எண்ணே ஐகன் மதிப்பு. அணியின் அளவு சில ஆயிரம் வரை என்றால் லாபேக் என்ற அணிக் கணக்கீட்டு நூலகத்தின் நேரடி வழியே போதும்; எல்லா ஐகன் மதிப்புகளும் மொத்தமாக வந்துவிடும். 1,00,000 × 1,00,000 என்றால் இரட்டைத் துல்லியத்தில் அணியைச் சேமிக்கவே 80 ஜிபி வேண்டும். ஆனால் வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்து பிறக்கும் அணிகளில் பெரும்பாலும் பூஜ்யங்களே. அவற்றுக்கு 1950இல் கார்னீலியஸ் லான்சோஸ் வெளியிட்ட முறை பொருத்தமானது.

நீளம் 1 உள்ள வெக்டர் ஒன்றில் தொடங்குங்கள். அதை அணியால் பெருக்கி, முந்தைய இரண்டு வெக்டர்களின் திசையில் உள்ள பங்கைக் கழியுங்கள். மிஞ்சுவதன் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதனாலேயே வகுத்தால் அடுத்த வெக்டர் தயார். இப்படிச் சேரும் எண்கள் (கழித்த பங்குகளும் நீளங்களும்) சிறிய மும்மூலைவிட்ட அணியாக அமையும்; அதில் மூலைவிட்டமும் அதை ஒட்டிய இரு வரிசைகளும் தவிர எல்லாம் பூஜ்யம். அதன் ஐகன் மதிப்புகளே நமக்குத் தோராய விடை. தொடக்க வெக்டர் சமவாய்ப்பு எண்களால் ஆனதாக இருக்கட்டும். எல்லா உறுப்புகளும் 1 என்று வைத்தால், சமச்சீரான வடிவங்களில் எதிர்ச்சமச்சீர் ஐகன் வெக்டர்கள் எட்டியே பார்க்காது.

ஒரு மதிப்பு நன்றாகக் குவிந்ததும் வெக்டர்களின் செங்குத்துத்தன்மை கெட்டுப்போகும். கிறிஸ் பேஜ் 1971இல் விளக்கியது இதைத்தான். விளைவு: ஒரே மதிப்பு இரண்டு மூன்று முறை போலியாகத் தலைகாட்டும். புதிய வெக்டர் ஒவ்வொன்றையும் பழைய எல்லாவற்றுக்கும் எதிராக இருமுறை செங்குத்தாக்குங்கள். ஒருமுறை பல நேரங்களில் போதாது.

சிறிய மதிப்புகள் நெருக்கமாக இருக்கும்போது லான்சோஸ் மிக மெதுவாகவே குவியும். பைதானின் சைபை நூலகத்தில் ‘எஸ்எம்’ (அளவில் சிறியவை) என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, ‘சிக்மா’வுக்கு நகர்வைக் (தேடும் மதிப்புகளுக்கு அருகிலுள்ள ஓர் எண்ணை) கொடுத்து ‘எல்எம்’ (அளவில் பெரியவை) கேளுங்கள். அப்போது நகர்த்திய அணியின் (மூலைவிட்டத்திலிருந்து நகர்வைக் கழித்த அணியின்) நேர்மாறின் மீது முறை ஓடும்; ஐகன் மதிப்பு = நகர்வு + 1/(நேர்மாறின் மதிப்பு). நகர்வு ஐகன் மதிப்பின் மேலேயே விழுந்தால், நேர்மாறுக்குத் தேவையான காரணிப்படுத்தல் (அணியை எளிய அணிகளின் பெருக்கமாகப் பிரிப்பது) முறியும். நோய்மான் எல்லை நிபந்தனையில் (எல்லைக்குச் செங்குத்தான வகைக்கெழு பூஜ்யம்) 0 ஒரு ஐகன் மதிப்பு. அங்கே சிறிய குறை எண்ணை நகர்வாக வையுங்கள்.

அடுத்ததுதான் பலரும் தவிர்க்கும் படி, தவிர்க்கவே கூடாத படியும்கூட. மூல அணியில் எச்சம் (அணி × வெக்டர் − மதிப்பு × வெக்டர் என்பதன் நீளம்) சிறிதாக இருந்தால், அவ்வளவு தொலைவுக்குள் ஓர் ஐகன் மதிப்பு உண்டு என்பது மட்டுமே உறுதி. நடுவில் ஒன்று விடுபட்டதா என்பதை எச்சம் சொல்லாது. சதுரத்தின் மீதான லாப்லேசியனில் (இரு திசைகளின் இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டலில்) இரண்டாவது மதிப்பு இரட்டை. அதில் ஒன்று நழுவுவது சாதாரணம். எனவே எண்ணிப் பாருங்கள். பத்து மதிப்புகள் கிடைத்தால், பத்தாவதற்குச் சற்று மேலே ஒரு வெட்டு எண்ணைத் தேர்ந்து, அதை மூலைவிட்டத்திலிருந்து கழித்து, நடுவே மூலைவிட்ட அணி வருமாறு சமச்சீராகக் காரணிப்படுத்துங்கள். சில்வெஸ்டர் விதிப்படி, அந்த மூலைவிட்டத்தில் உள்ள குறை எண்களின் எண்ணிக்கையே வெட்டுக்குக் கீழுள்ள ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கை. 11 வந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது. குறை எண்கள் வருவதால், எல்லா ஐகன் மதிப்புகளும் மிகை எண்களான அணிகளுக்கே உரிய சோலெஸ்கி காரணிப்படுத்தல் இங்கே செல்லாது; மம்ப்ஸ் போன்ற நூலகம் இந்த எண்ணிக்கையை நேரடியாகவே தரும்.

அணிக்கு விடை சரியென்றாலும், அந்த அணி பிறந்த வகைக்கெழுச் சமன்பாட்டுக்கும் சரியென்று ஆகாது. 0 முதல் 1 வரை, இரு முனைகளும் பூஜ்யம், இடைவெளி 0.01 என்று இரண்டாம் வகைக்கெழுவை (குறை அடையாளத்துடன்) வேறுபாட்டு அணியாக்கினால் முதல் மதிப்பு 9.8688, உண்மை 9.8696. ஐம்பதாவது 20,000; உண்மையோ சுமார் 24,674. இடைவெளியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். பிழை கால்பங்காகக் குறையாத மதிப்புகளை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.