நூறு மைல் ஓட்டமும் மனநலமும்: பந்தயத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கலிபோர்னியாவில் ஜூன் மாதக் கடைசியில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் பந்தயத்தை 24 மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு வெள்ளி பக்கிளும் (இடைவாரில் மாட்டும் கொக்கி), 30 மணி நேரத்துக்குள் முடிப்பவருக்கு வெண்கல பக்கிளும் தருகிறார்கள். 30 மணி நேரத்தைச் சில விநாடிகள் தாண்டி வந்தவருக்கு எதுவும் இல்லை. ஏறத்தாழ 370 பேருக்கே இடமுள்ள அந்தப் பந்தயத்தின் குலுக்கலில் பெயர் வருவதற்குப் பல ஆண்டுகள் காத்திருந்தவர், வழியில் ஓர் உதவி நிலையத்தில் விலகிக்கொள்வதாகச் சொன்னால், மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையை அங்கேயே அகற்றிவிடுவார்கள். பந்தயத்துக்கு இத்தகைய கறாரான விதி தேவைதான். அதையே தன்னை அளக்கும் கோலாகவும் எடுத்துக்கொண்ட ஓட்டக்காரருக்கோ, பட்டை கழன்ற அந்த நிமிடத்தில் தொடங்கும் மனச்சரிவு பல வாரங்கள் நீடிக்கக்கூடும். அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாவது எப்படி, வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில், இந்த ஒரு பந்தயத்தை முடித்துவிட்டால் மனம் தேறிவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் முதலிடம் பெற்ற ராப் க்ரார், தமக்கு மனச்சோர்வு இருப்பதை வெளிப்படையாகப் பேசி வருபவர். வெற்றியால் தீரக்கூடிய நோயாக அது இருந்திருந்தால் அவருக்குத் தீர்ந்திருக்க வேண்டும். ஓட்டம் மனத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. மிதமான மனச்சோர்வைக் குறைக்க உடற்பயிற்சி உதவுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆயினும் ஓட்டம் ஒன்றையே மருந்தாகக் கொண்டவருக்கு, கணுக்கால் பிசகிய அன்றே மருந்தும் நின்றுபோகிறது. எனவே பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன், காயத்தால் ஆறு வாரங்கள் ஓட முடியாமல் போனால் உங்கள் வாரத்தில் என்னென்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தால், பயிற்சித் திட்டத்தைத் தொடங்கும் முன்பே காலின் தயவை எதிர்பார்க்காத ஒரு பிடிப்பைத் தேடிக்கொள்ளுங்கள். அது பாட்டாகவோ தோட்டமாகவோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதாகவோ இருக்கலாம். வாரத்தில் ஓர் ஓட்டத்தைக் கைக்கடிகாரம் இல்லாமல், ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஏற்றாமல் ஓடுங்கள்.

அடுத்தது, பந்தயத்திலிருந்து விலகும் முடிவை எந்த அடிப்படையில் எடுப்பது என்பதை வீட்டில் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மோன் பிளாங் மலைத்தொடரைச் சுற்றி வரும் யு.டி.எம்.பி. பந்தயம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். பிரான்சின் சாமோனியிலிருந்து மாலையில் புறப்பட்டு, ஓர் இரவு முழுவதும் ஏறி இறங்கி, 80 கிலோமீட்டர் அளவில் இத்தாலியின் கூர்மாயரில் நுழைபவருக்கு அங்கே மாற்று உடையும் சூடான உணவும் உட்கார நாற்காலியும் காத்திருக்கின்றன. தூக்கமின்மையும் வெறும் வயிறும் சேர்ந்து, "உனக்கு இதெல்லாம் எதற்கு, நீ எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று பேசத் தொடங்குவது பெரும்பாலும் இத்தகைய நாற்காலியில்தான். அந்தக் குரலை ஆராய வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள், உலர்ந்த சட்டையை மாற்றுங்கள், இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். அதன் பிறகே முடிவு.

விலகும் முடிவுக்காக எழுதி வைக்கும் தாளில் இரண்டு பகுதிகள் இருக்கட்டும். நெஞ்சுவலி, இடமும் நேரமும் பிடிபடாத மனக்குழப்பம், கறுத்த நிறத்தில் சிறுநீர், நடையையே மாற்றிவிடும் வலி ஆகியவை ஒரு பகுதி. இவற்றில் ஒன்று வந்தாலும் பந்தயத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் செல்ல வேண்டும். அழுகை, லேசான குமட்டல், தூக்கக் கலக்கம், தன்னைத் தானே வெறுக்கும் எண்ணம் ஆகியவை மற்றொரு பகுதி. இவை வந்தால் உணவும் சிறிது தூக்கமும் எடுத்த பிறகு மறுபடி யோசிக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு மட்டும் இரண்டாவது பகுதியில் சேராது. உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, அருகில் இருப்பவரிடம் அதைச் சொல்லி, அன்று தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளின் ஒரு நகல் வழியில் உங்களுக்கு உதவும் துணைக்குழுவிடமும், உடன் ஓடித் துணைவரும் பேசரிடமும் இருக்க வேண்டும். விலகி வந்தவரிடம் அவர்கள் முதலில் கேட்க வேண்டியது "என்ன ஆயிற்று?" என்பதல்ல, "வா, உட்கார், குளிருகிறதா?" என்பதே போதும்.

பந்தயம் முடிந்த பின் வரும் வாரங்களைப் பெரும்பாலோர் திட்டமிடுவதில்லை. பல மாதங்களாக ஒவ்வொரு நாளுக்கும் பொருள் கொடுத்துவந்த இலக்கு திடீரென்று இல்லாமல் போவதால், வெற்றிகரமாக முடித்தவருக்கும் அந்த வெறுமை வரும். முதல் மூன்று வாரங்களுக்கு எந்தப் புதிய பந்தயத்துக்கும் பெயர் கொடுப்பதில்லை என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் நேரத்துக்கு உண்ணுவதும் உறங்குவதும் நண்பர்களைச் சந்திப்பதுமே பயிற்சி. தேற்ற வருபவர்கள் அமெரிக்க ஓட்டக்காரர் ஜிம் வாம்ஸ்லியின் கதையைச் சொல்லக்கூடும். 2016இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் சாதனை வேகத்தில் முன்னணியில் இருந்தவர் 90 மைலைத் தாண்டியபின் வழி தவறி 20ஆவது இடத்தில் முடித்தார். 2017இல் பாதியில் விலகினார். 2018இல் புதிய சாதனையோடு வென்றார். கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதையை நான் ஆறுதலாகச் சொல்ல மாட்டேன். அடுத்த முறை வெல்வாய் என்று தேற்றும்போது, வென்றால்தான் உனக்கு மதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

சோர்வு, ஆர்வமின்மை, குற்றவுணர்வு, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால், அதைப் பந்தயக் களைப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.ஹெச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பார்க்கலாம். மொத்தம் 27 புள்ளிகளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான மதிப்பீடு தேவை. ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவில் 988, பிரான்சில் 3114 ஆகிய எண்களை அழைக்கலாம்.

மருந்து உட்கொள்பவர்களுக்கு ஓட்டக்காரர் வட்டத்தில் யாரும் சொல்லித்தராத சில செய்திகள் உண்டு. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. நெடுந்தூரப் பந்தயத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் அதையே செய்வதால், தாகத்துக்கு ஏற்ப மட்டும் குடியுங்கள். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். மனநிலையைச் சீராக வைத்திருக்கத் தரப்படும் லித்தியம் எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறலாம். அந்த வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். சில மனநல மருந்துகள் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனையும் குறைக்கின்றன. இவற்றுக்கு அஞ்சிப் பந்தயத்துக்கு முன் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் பந்தய நேரத்தில் தடை செய்யப்பட்டது. போட்டிக்கு ஊக்கமருந்து விதிகள் பொருந்துமானால் முன் அனுமதி பெற வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறீர்கள், அண்மையில் எடை எவ்வளவு குறைந்தது, எலும்பில் விரிசல் ஏற்பட்டதா, பெண்களாயின் மாதவிடாய் நின்றுபோயிருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஈடான உணவு இல்லாமல் போவதால் வரும் இந்த நிலையை ரெட்-எஸ் என்ற பெயரில் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விளக்கியது. மனச்சோர்வும் எரிச்சலும் அதன் அறிகுறிகளில் சேர்ந்தவை. அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சை ஆலோசனையோடு நில்லாமல், தட்டில் சோற்றைக் கூட்டுவதிலும் ஓடும் மணி நேரத்தைக் குறைப்பதிலும் தொடங்க வேண்டியிருக்கும்.