பிட்யூட்டரிக் கட்டிக்கு மூக்குவழி அறுவைச் சிகிச்சை: கணினி மாதிரி தயாரிக்கும் முறை

அறுவைச் சிகிச்சை தேவைப்படும் பிட்யூட்டரிக் கட்டிகளில் (மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வளரும் கட்டிகள்) பெரும்பாலானவற்றை, மண்டையோட்டைத் திறக்காமல், மூக்கின் வழியே எண்டோஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு காற்றறையைக் கடந்து சென்று அகற்றுகிறார்கள். அந்த வழியின் இருபுறமும் உட்கழுத்துத் தமனிகளும் மேற்புறம் பார்வை நரம்புகளும் இருப்பதால், அவற்றின் இருப்பிடத்தை முன்கூட்டியே முப்பரிமாணத்தில் பார்த்துக்கொள்வது பெரிதும் உதவும். 3டி ஸ்லைசர் என்னும் இலவச மென்பொருளில் இதைப் பழகலாம். அது ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியது; நோயாளியின் சிகிச்சையை அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

முதலில், நோயாளியின் அடையாளம் நீக்கப்பட்ட டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்புகளை ஏற்றுங்கள். எலும்புக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சிடி, கட்டிக்குச் சாயம் செலுத்தி எடுத்த எம்ஆர்ஐ, தமனிக்கு சிடி ஆஞ்சியோ (இரத்தக் குழாய்கள் தெரியச் சாயம் செலுத்தி எடுக்கும் சிடி) ஆகியவை தேவை. 5 மி.மீ. தடிமனான வெட்டுகளாக எடுத்த படத்தில் பதியாமல் போன மெல்லிய எலும்பை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

அடுத்து, எம்ஆர்ஐயைச் சிடியோடு பொருத்துங்கள். பொருத்தம் சரிதானா என்பதைக் கண்குழியிலும் பிட்யூட்டரி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியிலும் பார்த்து உறுதிசெய்த பின்னரே மேலே செல்ல வேண்டும்.

மூன்றாவதாக, உறுப்புகளைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். உழைப்பு முழுவதும் இங்கேதான். எலும்புக்கு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெண்மையாக இருப்பதைப் பிரித்தெடுக்கும் 'த்ரெஷோல்டு' கருவியில் ஏறத்தாழ 250 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகிலிருந்து (சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) தொடங்கலாம். தமனியை மூடியிருக்கும் எலும்பு மிக மெல்லியது என்பதால் மாதிரியில் அங்கே ஓட்டை தெரியக்கூடும். சிலருக்கு அவ்விடத்தில் உண்மையிலேயே எலும்பு இருப்பதில்லை. இரண்டில் எது என்பதை மூலப் படத்தைப் பார்த்தே அறிய முடியும். சாயம் கலந்த இரத்தமும் எலும்பும் ஏறக்குறைய ஒரே அளவு வெண்மையாகத் தெரிவதால், தமனியை, நாம் இடும் அடையாளங்களிலிருந்து பகுதியை விரிவாக்கும் 'குரோ ஃப்ரம் சீட்ஸ்' கருவியால் பிரித்து, எஞ்சிய பிழைகளைக் கையால் திருத்துங்கள். கட்டியின் எல்லையை எம்ஆர்ஐயில் வரையுங்கள்.

பின்னர், நாசித் துவாரத்திலிருந்து கட்டிவரை ஒரு கோடு வரைந்து, அதன் வழியே மாதிரியைப் பாருங்கள். இரு தமனிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீனாய்டு அறையின் தடுப்புச் சுவர் எங்கே போய் முடிகிறது என்பதையும் கவனியுங்கள். அது பலருக்கு நடுவில் நிற்காமல் தமனியின் மேல் சென்று சேர்வதால், அதை முறுக்கி உடைப்பது ஆபத்து.

இறுதியாக, மாதிரியின் விளிம்புகளை மூலப் படங்களின் மேல் பதித்து, ஒவ்வொரு வெட்டாகச் சரிபாருங்கள். அழகுக்காக மேற்பரப்பை மிகுதியாக மழுக்கினால் தமனி மெலிந்து, உண்மையில் இல்லாத இடைவெளி இருப்பதுபோல் தோன்றும்.