எந்தக் கோடு முன்னால்?

மனித உருவம் வரையத் தொடங்கும் பலரும் உடலைச் சுற்றி ஒரே கோடாக இழுத்துவிடுகிறார்கள். அளவெல்லாம் சரியாக இருந்தாலும் படம் அட்டையில் வெட்டியெடுத்தது போலத் தட்டையாகத் தெரியும். எந்தப் பகுதி முன்னால், எது பின்னால் என்று அந்தக் கோடு சொல்வதில்லை.

முழங்கையை நன்றாக மடக்கிக் கண்ணாடியில் பாருங்கள். முன்கையும் மேல்கையும் அழுந்தும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. முன்னால் இருக்கும் சதையின் கோடு உருவத்தின் வெளிக்கோட்டைத் தாண்டி உள்ளே சற்று நீண்டு செல்லும். பின்னால் இருப்பதன் கோடு அதில் முட்டி நின்றுவிடும். இந்தச் சந்திப்பைச் சரியாகப் போட்டாலே பாதி ஆழம் வந்துவிடும், நிழலே தேவையில்லை. நம்மை நோக்கி நீட்டிய கைக்கு இதை விட்டால் வேறு வழியே இல்லை என்பேன். கழுத்து தோளில் இறங்கும் இடம், மடக்கிய முழங்கால், சாய்ந்து நிற்பவரின் இடுப்பு ஆகியவற்றிலும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் பென்சில். எழுதுவதுபோல் நுனியில் பிடித்தால் விரல் மட்டுமே அசையும், கோடு துண்டு துண்டாக வரும். சற்றுத் தள்ளிப் பிடித்து, நீளக் கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள். முதலில் 2பி என்ற சற்று மென்மையான பென்சிலின் கூர்முனையைச் சாய்த்து மெல்லிசாக வரையுங்கள். உருவம் அமைந்தபின் அந்த மடிப்புச் சந்திப்புகளில் மட்டும் அழுத்துங்கள். வெளிச்சம் படும் பக்கம் கோடு மங்கியே இருக்கட்டும். ரப்பரைக் கொஞ்ச நேரம் ஒளித்து வைத்துவிடுவது நல்லது.